முந்நூறு கிராம் உயிருக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் இது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீண்டது; சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் தென்னைநார் ஆலையில் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகன். போன ஓணத்துக்கு முந்தைய ஓணத்தின்போது அவன் அடம்பிடித்து ஒரு வெள்ளை எலிக் குட்டியை வாங்கி வந்தான். பெட்டை. பஞ்சு என்று பெயர் வைத்தான். இப்போது அதற்கு இருபது மாத வயது, எடை 310 கிராம். பொங்கலையொட்டி அதன் இடது முன்னங்கால் இடுக்கில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. பங்குனி பிறப்பதற்குள் அது பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நடக்கும்போது அந்தக் கால் அகன்று விழுகிறது. தீனி குறையவில்லை. ஆனால் அடிக்கடி தும்முகிறது, கண் ஓரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ கசிகிறது.

உள்ளூர் மிருக ஆஸ்பத்திரி மருத்துவர், "எலிக்கு நான் அறுவை சிகிச்சை செய்ததில்லை, கோயம்புத்தூரில் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். கோவையில் பார்த்த தனியார் மருத்துவர், "கட்டியை எடுக்கலாம், மேசையிலேயே உயிர் போகவும் வாய்ப்புண்டு" என்று சொல்லி, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். "இருநூறு ரூபாய் எலிக்குப் பத்தாயிரமா? தோப்பில் விட்டுவிடலாம்" என்கிறார் கணவர். "பிள்ளையார் வாகனத்தின் மேல் கத்தியும் படக் கூடாது, ஊசி போட்டுக் கொல்லவும் கூடாது" என்கிறார் மாமியார். இது எலிக்காய்ச்சல் கட்டி, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மகன் தன் உண்டியலை உடைத்து எண்ணி வைத்திருக்கிறான்.

"பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். செய்யலாமா, விட்டுவிடலாமா? எதைச் செய்தாலும் பாவம் செய்தவளாகத்தான் நிற்பேன் போலிருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சுவின் நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், வாயு மயக்க மருந்து கொடுக்கும் வசதியுள்ள இடமும் கிடைத்தால், கட்டியை எடுத்துவிடுங்கள். அதையும் தள்ளிப்போடாமல் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றால் அறுவை வேண்டாம். வலி மருந்தோடு வீட்டிலேயே நன்றாக வைத்திருங்கள். பஞ்சுவால் தாங்க முடியாத நிலை வந்தால் மருத்துவர் கையால் விடைகொடுங்கள். இரண்டு வழியும் அன்பின் வழிதான். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: முடிவெடுக்க முடியாமல் நாளைக் கடத்துவது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

கால் இடுக்கில் இருப்பது என்ன?

கடிதத்தில் இருந்து மட்டும் நான் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் ஒன்றரை வயது தாண்டிய பெட்டை எலிக்கு இப்படித் திரண்டு வரும் கட்டி பெரும்பாலும் மார்புக் கட்டியாகவே இருக்கும். "கால் இடுக்கில்தானே இருக்கிறது, மார்பு எங்கே வந்தது" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எலிக்கு மார்புத் திசு கழுத்தடியில் தொடங்கி, விலாப் பக்கமெல்லாம் படர்ந்து, பின்னங்கால் இடுக்கு வரை போகிறது. அதனால் தோளருகிலோ அடிவயிற்றிலோ வரும் கட்டியும் மார்புக் கட்டியாக இருக்க முடியும்.

நல்ல செய்தி என்னவென்றால், பெட்டை எலிகளுக்கு வரும் மார்புக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான வகை. அது மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் நகரும், ஓரம் தெளிவாகத் தெரியும், ஓரளவு மெத்தென்று இருக்கும். சிறுபான்மைக் கட்டிகள் புற்றுநோய் வகை. அவை கல்லைப் போல இறுகி, அடியில் தசையோடு ஒட்டிக்கொண்டு, தோலை உடைத்துப் புண்ணாகும். விரல் சொல்லும் குறிப்பு முடிவானதல்ல. கட்டியை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதி. சில சமயம் அது வெறும் சீழ்க்கட்டியாகவும் இருக்கும். மருத்துவர் மெல்லிய ஊசியால் ஒரு துளி உறிஞ்சிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் சில நிமிடங்களில் தீரும். இதுவரை யாரும் அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. முதல் வேலையாக அதைக் கேளுங்கள்.

சாதுவான கட்டி என்றவுடன், அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டி பரவாது, ஆனால் வளர்வதை நிறுத்தாது. எலியின் உடலில் ஒரு பெரும் பங்கு எடைக்கு அது வளர்ந்துவிடும். சுமையை இழுத்துக்கொண்டு நடக்க முடியாமல், தரையில் உரசித் தோல் கிழிந்து, புண்ணில் சீழ் பிடித்துத்தான் பல எலிகள் கடைசியில் அவதிப்படுகின்றன. பட்டாணி நெல்லிக்காய் ஆவதற்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் அது எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டி பெரிதாகப் பெரிதாக அதற்குப் போகும் ரத்தக் குழாய்களும் தடிக்கின்றன, வெட்டும் காயமும் நீள்கிறது. இன்று செய்யக்கூடிய அறுவை சிகிச்சையும் சித்திரைக் கடைசியில் செய்யும் அறுவை சிகிச்சையும் ஒரே அளவு ஆபத்து உள்ளவை இல்லை.

ஒரு வேண்டுகோள். கட்டியின் அடியில் நூலைக் கட்டி இறுக்கினால் தானாக உதிர்ந்துவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தோலுக்கு அடியில் இருக்கும் கட்டிக்கு அடியில் கயிறு போகாது. தோல் அழுகி, அந்தச் சின்ன உயிர் சொல்ல முடியாத வேதனையில் போய்ச் சேரும். விளக்கெண்ணெய்ப் பற்றும் பச்சிலைப் பற்றும் வேண்டாம்; எலி தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் அப்படியே. ஐம்பது, அறுபது கிலோ உடம்புக்குச் செய்த மாத்திரையை முந்நூறு கிராமுக்குக் கண்ணளவில் பங்கிட முடியாது. எலிக்கு ஏற்ற வலி மருந்துகள் இருக்கின்றன. சொட்டுக் கணக்கில் மருத்துவர் அளந்து தருவார்.

கண்ணில் கசிவது ரத்தம் இல்லை, ஆனாலும் கவனியுங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கட்டி இல்லை, தும்மல். கண்ணிலும் மூக்கிலும் வரும் சிவப்பு, ரத்தம் போலவே தோன்றும். அது போர்ஃபிரின் என்ற நிறமி. எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி அதைச் சுரக்கிறது. நோயிலோ வலியிலோ மன அழுத்தத்திலோ எலி இருக்கும்போது அது அதிகமாக வழிகிறது. ஆகவே கட்டி மூளைக்குப் பரவிவிட்டது என்ற பயம் வேண்டாம். ஆனால் பஞ்சுவுக்கு உள்ளே ஏதோ ஒரு தொந்தரவு இருக்கிறது என்பதை அது சொல்கிறது.

தும்மலும் சேர்ந்து வருவதால், மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிர் என் சந்தேகத்தில் முதலில் நிற்கிறது. கடையில் வாங்கும் எலிகளில் பெரும்பாலானவை குட்டியிலேயே தாயிடமிருந்து இதைப் பெற்றுவிடுகின்றன. இளமையில் அடங்கிக் கிடக்கும். வயதாகும்போதோ உடம்பு தளரும்போதோ நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். முற்றாக ஒழிக்க முடியாது. டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளால் அடக்கி வைக்க முடியும். உங்கள் எலி மேசையில் பிழைக்குமா என்பதைக் கட்டியின் அளவைவிட இந்த நுரையீரல்தான் அதிகம் தீர்மானிக்கும். பாதி நுரையீரல் கெட்டிருக்கும் எலிக்கு மயக்க மருந்து கொடுத்தால் அது மூச்சை மீட்டுக்கொள்வது கடினம்.

அதனால் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் நெஞ்சை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சளி இருந்தால் ஓரிரு வாரம் மருந்து கொடுத்து, தும்மல் தணிந்த பிறகு அறுவை செய்வது நல்லது. நான் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. நீங்களும் வீட்டில் கவனிக்கலாம். பஞ்சு தூங்கும்போது விலா உள்ளே இழுத்துக்கொள்கிறதா, காதருகில் வைத்துக் கேட்டால் நெஞ்சுக்குள் கரகரப்போ கொறகொறப்போ வருகிறதா என்று பாருங்கள்.

கூடவே, மர அறுவை ஆலையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளைக் கூண்டில் பரப்புவதாக எழுதியிருந்தீர்கள். இன்றே அதை அகற்றிவிடுங்கள். அந்தத் தூசியும் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியும் இந்த நோயைக் கிளறிவிடுகின்றன. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் போடுங்கள், தினமும் மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே தும்மல் குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

"பாதிக்குப் பாதி" என்ற கணக்கு

இந்தக் கணக்கை உங்களுக்கு யார் சொன்னாலும், அது பயத்தில் பிறந்த கணக்கு. பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைகளில் மயக்க மருந்து பெற்ற விலங்குகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதில் மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு எலிகளுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. நாய்களுக்கு அது ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டுதான். அதாவது எலிக்கு ஆபத்து நாயைவிடப் பத்து மடங்கு கூடுதல். ஆனாலும் பாதிக்குப் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே சமயம் அந்த இரண்டு சதவீதத்தை அப்படியே பஞ்சுவுக்குப் பொருத்திக்கொள்ளவும் கூடாது. பஞ்சு முதியவள், தும்முகிறாள். அந்த ஆய்வு நடந்த இடங்களில் இருந்த கருவிகளும் பழக்கமும் நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடையாது. அவளுடைய ஆபத்து அதைவிடக் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதை நெஞ்சைச் சோதித்த மருத்துவர்தான் மதிப்பிட முடியும்.

எலிக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? 310 கிராம் எலியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 20 மில்லி. நான்கு தேக்கரண்டி. அதில் மூன்று, நான்கு மில்லி வெளியேறினாலே உயிருக்கு ஆபத்து. நாய்க்கு அறுவை செய்யும்போது பஞ்சில் ஒற்றி எறியும் அளவு அது. இன்னொன்று உடல் சூடு. மயக்கத்தில் இருக்கும் சின்ன உடம்பு சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடும். வெளியே வெயில் நாற்பது டிகிரி அடித்தாலும், ஏசி அறையில் எஃகு மேசை மேல் கிடக்கும் எலி குளிரால் இறக்க முடியும். எலிகள் மேசையில் இறப்பதைப் போலவே, அறுவை நன்றாக முடிந்து கண் விழிக்கும் அந்தச் சில மணி நேரத்திலும் இறக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது கத்தியைப் பிடித்த கையின் திறமைக்குக் குறைந்ததல்ல.

முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போட வேண்டும் என்று மனிதர்களைப் போல நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். கூடாது. எலிக்கு வாந்தி எடுக்கவே முடியாது. அதனால் மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து இல்லை. மாறாக, நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி அதுவே ஆபத்தாகும். வாயில் உணவுத் துணுக்கு இல்லாமலிருக்க ஓரிரு மணி நேரம் போதும். எவ்வளவு நேரம் என்று மருத்துவர் சொல்லட்டும். யாராவது "ராத்திரியிலிருந்து எதுவும் தராதீர்கள்" என்றால், அவருக்கு எலியோடு பழக்கம் குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கோவை மருத்துவர் ஆபத்தை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அவரிடம் மரியாதையோடு இவற்றைக் கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்:

- எலி, முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளுக்கு இதற்கு முன் அறுவை செய்திருக்கிறாரா?
- ஐசோஃப்ளுரேன் வாயுவும் ஆக்சிஜனும் இருக்கின்றனவா, ஊசி மயக்கம் மட்டும்தானா? வாயுவை நொடியில் கூட்டலாம், குறைக்கலாம். ஊசியில் ஏற்றிய மருந்தை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியாது.
- அறுவையின்போதும் பிறகும் உடலைச் சூடாக வைத்திருக்க என்ன ஏற்பாடு?
- தையல் தோலுக்கு உள்ளே மறைவாகப் போடுவாரா? வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எலி ஓரிரவில் கடித்து எடுத்துவிடும்.
- வீட்டுக்கு வலி மருந்து கொடுத்து அனுப்புவாரா?

திருப்தியான பதில் கிடைக்கவில்லையென்றால் திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் விசாரியுங்கள். பாலக்காட்டிலிருந்து நேர் சாலை. கல்லூரி மருத்துவமனைகளில் தனியார் இடங்களைவிடக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். எலியைப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள். கட்டியை எடுத்தால் அந்தக் கட்டி பெரும்பாலும் போய்விடும். ஆனால் படர்ந்து கிடக்கும் மார்புத் திசுவில் வேறோர் இடத்தில் புதிது கிளம்பலாம். பல எலிகளுக்குக் கிளம்புகிறது. வீட்டு எலியின் ஆயுள் இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு, அபூர்வமாக மூன்று. அறுவை நன்றாக முடிந்தால் பஞ்சுவுக்கு நீங்கள் வாங்கித் தருவது சில மாதங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஆண்டு. சுமையில்லாமல் ஓடி ஏறி விளையாடும் மாதங்கள். ஓர் எலியின் வாழ்நாளில் ஆறு மாதம் என்பது கால்பங்கு. அதை நான் சின்ன லாபமாக நினைக்கவில்லை. ஆனால் அதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டும் என்றோ, மகனின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டும் என்றோ இருந்தால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். "இருநூறு ரூபாய் எலி" என்ற கணக்கு தவறு. கடை விலைக்கும் உயிரின் வலிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டின் வரவு செலவைப் பார்ப்பது உங்கள் கணவரின் தவறு இல்லை. அவரோடு சண்டை வேண்டாம். எக்ஸ்ரே பார்க்கும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை நேரில் கேட்டால் அவர் மனம் வேறு விதமாக யோசிக்கலாம்.

அறுவை வேண்டாம் என்று முடிவானால்

அப்போது உங்கள் வேலை முடிந்துவிடாது, மாறும். வலி மருந்து, சளிக்கு மருந்து, ஏறி இறங்கத் தேவையில்லாத ஒரே தட்டுக் கூண்டு, எட்டும் உயரத்தில் தண்ணீர், மென்மையான உணவு. வாரம் ஒருமுறை தராசில் எடை பாருங்கள். கட்டி வளரும்போதும் மொத்த எடை குறைகிறது என்றால் உடம்பு உருகுகிறது என்று பொருள்.

எலி வலியை வெளியே காட்டாது. இரையாகும் பிராணி, அதனால் மறைக்கும். நன்றாகச் சாப்பிடுகிறது, ஆகவே வலி இல்லை என்று நீங்கள் எழுதியதை முழுதாக நம்ப முடியாது. முகத்தைப் பாருங்கள். பாதி மூடிய கண், மடங்கிச் சுருண்டு வெளிப்புறம் திரும்பிய காது, உப்பல் இல்லாமல் தட்டையான கன்னம், கூன் போட்ட முதுகு, சிலிர்த்து நிற்கும் மயிர். இவை வலியின் அடையாளங்கள். மகனின் சட்டைப் பைக்குள் ஏற மறுத்து மூலையில் ஒதுங்கினால், தன்னைச் சுத்தம் செய்வதை நிறுத்தினால், கட்டி புண்ணானால், மூச்சுக்கு வாய் திறந்தால், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

அந்த நாளைப் பற்றி உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அவருடைய பக்தியை மதிக்கிறேன். பிள்ளையாரின் வாகனம் என்பதால்தான் அது வேதனையில் கிடக்கக் கூடாது என்று அவரிடம் பேசிப் பாருங்கள். மருத்துவர் முதலில் முழு மயக்கம் கொடுப்பார். நினைவு போன பிறகுதான் அடுத்த மருந்து. அவரைத் தவிர வேறு யாரும், எந்த முறையிலும், இதைச் செய்யக் கூடாது.

தோப்பில் விடுவது

இதை மட்டும் கண்டிப்பாக மறுக்கிறேன். வெள்ளை எலிக்கு, அதன் சிவந்த கண்ணுக்கு, பார்வை மிக மங்கல். பிறந்ததிலிருந்து தட்டில் தீனி தின்ற பிராணி. காலில் கட்டியோடு தென்னந்தோப்பில் விட்டால் காகமோ பூனையோ பாம்போ முதல் நாளே முடித்துவிடும். அவை விட்டால் எலி மருந்து முடித்துவிடும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிராணியைப் பராமரிப்பவர் அதன் நலனுக்கும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் பொறுப்பு என்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. எலி வளர்ப்பதே சட்டவிரோதமோ என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். வீட்டு வெள்ளை எலி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் காட்டு உயிர்களில் வராது. பயமில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

எலிக்காய்ச்சல் பற்றிய பயத்துக்கு மட்டும் இடமுண்டு, ஆனால் பக்கத்து வீட்டார் சொல்லும் விதத்தில் இல்லை. கட்டி யாருக்கும் ஒட்டாது. எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா கிருமி கலந்த சிறுநீரால், குறிப்பாகத் தேங்கிய நீர் வழியாக வருவது. கேரளத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் அது எத்தனை குடும்பங்களைத் தாக்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே வளரும் பஞ்சுவிடமிருந்து அது வரும் வாய்ப்பு குறைவு. வெளி எலிகள் கூண்டருகே வந்து சிறுநீர் கழித்தால் கூடும். ஆகவே இரவில் கூண்டை வெளி எலி நெருங்காத இடத்தில் வையுங்கள். கூண்டைக் கழுவும்போது கையுறை, கழுவிய பிறகு சோப்பு. மகன் கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை அவன் கூண்டைத் தொட வேண்டாம். எலி கடித்த பின் காய்ச்சல் வந்தால், எலி வளர்ப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மகனிடம் மறைக்காதீர்கள்

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று மட்டும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதாது. பஞ்சு மேசையில் இறந்துபோனால், தன் உண்டியல் பணத்தால்தான் இறந்தது என்று அவன் நினைத்துவிடுவான். அதற்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லுங்கள்: இதில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, செய்யாவிட்டாலும் கட்டி அவளை விடாது, முடிவை எடுப்பது அம்மாவும் அப்பாவும், அவன் இல்லை. உண்டியல் பணத்தில் ஒரு பகுதியை மருந்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அவன் மனம் நிறையும். முடிவின் பாரத்தை மட்டும் அவன் மேல் வைக்காதீர்கள். இறுதித் தேர்வு நடக்கிறதென்றால் தேர்வு முடியும் நாளுக்கு அடுத்த நாளாக அறுவையைக் குறிக்கலாம். ஆனால் அவன் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொண்டுபோய்ச் செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

போகும் வழியும் திரும்பி வந்த பிறகும்

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போவதானால் விடியற்காலை பஸ்ஸில் போங்கள். எலிக்கு வியர்க்காது, வாலின் வழியாகத்தான் சூட்டை இறக்கும். பங்குனி வெயிலில் பஸ் இன்ஜின் பக்கம் வைத்த பெட்டிக்குள் அது தாங்காது. காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பழைய துணி, தண்ணீருக்குப் பதிலாக இரண்டு வெள்ளரித் துண்டு. அவளுக்குப் பழக்கமான தீனியையும் கொஞ்சம் கொண்டுபோங்கள். கண் விழித்தவுடன் தின்ன வைப்பதற்கு அது உதவும்.

அன்று மாலை வரை மருத்துவமனையிலேயே வைத்திருந்து, நன்றாக விழித்து நடமாடித் தின்ற பிறகு கூட்டி வாருங்கள். முதல் இரவு துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அவள் மறுபக்கம் நகர்ந்துகொள்வாள். வேறு எலியோடு சேர்க்க வேண்டாம். தயிர்சாதம், வேகவைத்த முட்டைத் துணுக்கு, நசுக்கிய வாழைப்பழம், எதைத் தின்றாலும் சரி. காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். தையல் விட்டிருந்தாலோ, காயம் வீங்கிச் சூடாக இருந்தாலோ, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் தின்னாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரவில் எந்த எண்ணில் அழைப்பது என்பதைப் புறப்படும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.